வாசலோடு நிற்கும் இணைப்பு

அன்று இருந்தவர்கள்: மணிவேலாகிய நான், என் மனைவி செவ்வந்தி, வாசலில் ஜீப்போடு ராஜேந்திரன் அண்ணன். அவர் உள்ளே வரவில்லை. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் பக்கம் போனுக்கு டவர் கிடைக்காது. என் வீட்டுக்கு மட்டும் கம்பி வழியாக நெட் வருகிறது. கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களுக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பேன். சென்னையில் ராத்திரி ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு அது போதும்.

செவ்வந்தியின் போனுக்கும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் நெட் கொடுத்தேன், ப்ளூடூத்தில். வைஃபை வேலி தாண்டிப் போகும். ப்ளூடூத் வாசலோடு நின்றுவிடும். போன் பக்கத்தில் இருக்கும்வரை திரையில் அவள் பெயர் இருக்கும். வெளியே போனால் மறைந்துவிடும். எங்கே போனாய் என்று நான் ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை.

"உங்க வூட்டு நெட்டு வாசப்படி தாண்டாதாப்பா? புதுப்பொண்ணாட்டம் கீது" என்று ராஜேந்திரன் அண்ணன் சிரிப்பார்.

செவ்வந்தி சிரிக்க மாட்டாள். "ஆட்டக் கட்டிப்போட்டாக்கூட மேய்ற அளவுக்குக் கயிறு வுடுவாங்க மாமா" என்று ஒருமுறை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் நர்ஸுக்குப் படித்தவள். திருப்பத்தூரில் வேலை கிடைத்த செய்தி என் நெட்டில்தான் வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள்.

சனிக்கிழமை காலை பையைக் கட்டி வைத்தாள். "வாரம் ஒருவாட்டி வர்றேன் மாமா" என்றாள். போகும்போது அம்மாவுக்குச் சாமை கொண்டுபோக வேண்டும் என்று மூட்டை அறைக்குள் போனாள். ஜன்னல் இல்லாத, தகரக் கூரை போட்ட, வெயிலில் கொதிக்கும் அறை. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அவளை ஏற்றிப்போக வந்த ராஜேந்திரன் அண்ணன் ஹார்ன் அடித்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். போய்விட்டார்.

உள்ளே அவளிடம் போன் இருந்தது. அதற்கு நெட் போவதை நிறுத்தினேன். ப்ளூடூத்தை நிறுத்தவில்லை. அதனால் அவள் யாருக்கும் எதுவும் அனுப்ப முடியாது. அவள் பெயர் மட்டும் திரையில் இருக்கும்.

மாலையில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் பிறகு கதவைத் திறக்கவில்லை.

"மாமா, பயமா இருக்குது. தொறங்க. நான் எங்கியும் போவல."

இந்த வார்த்தைக்குத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். ஆனால் பயத்தில் சொல்வது நிலைக்காது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று தோன்றியது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன், ராத்திரி வேலையில் பழகியது. பக்கத்து வீடு இரண்டு கொல்லை தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டுவது நின்றது. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். திரையில் பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் பெயர் போய்விட்டது.

அப்போதுதான் நான் பயந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூரையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

போகவில்லை. கதவை ஒட்டியே படுத்திருந்தாள். விரல் நகங்களில் மரத்தூள் இருந்தது. கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. போனில்தான் சார்ஜ் தீர்ந்திருந்தது.

போனைக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றினேன். திரும்ப அவள் கையில் வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். திரையில் செவ்வந்தி என்று வந்தது. இனி எங்கேயும் போக மாட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

இருந்தாலும் கதவைச் சாத்திப் பூட்டினேன்.