கடைசி லைட்டு

பேயா? யாரு தம்பி சொன்னா உங்ககிட்ட? பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலயா? அதான பாத்தேன். பாண்டிச்சேரிலேந்து வந்து எறங்குன மனுசன் ஒரு டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள எங்க வூட்டுக் கதைய ஊத்திட்டானுங்க. ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா. வுடுங்க. ஏணிய நல்லா சாச்சி வெச்சிக்கினு ஏறுங்க, நான் கீழ புடிச்சிக்கிறேன். பேசிக்கினே வேல பாக்கலாம். எங்க வூட்டுக்காரரும் அப்டித்தான், பேச்சு நின்னா கையும் நின்னுடும்.

ஆமாம், வண்டியில பூப்போட்ட எழுத்துல பெருசா எழுதியிருக்குதே, அவரேதான். பேர நீங்களே படிச்சிக்கோங்க, நான் சொல்றதில்ல. இந்தக் காலத்துல யாரு பாக்கறா அதெல்லாம். உங்கள வரச்சொன்னான் பாருங்க வீரமணி, எங்க கொழுந்தன், அவன் பொண்டாட்டி அவன டேய் வீரான்னு கூப்புடுறா, அவனும் இன்னாம்மான்னு ஓடுறான். எனக்கு வரல, அவ்ளோதான். இந்தாங்க, யோவ், கேக்குதா. இதுலயே காலத்த ஓட்டிட்டேன்.

இதுதான் ஒயர்லெஸ்ஸா? சோப்பு டப்பாவுக்கு கொம்பு மொளச்ச மாதிரி இருக்குது. ஒரு லைட்டுக்கு ஒரு டப்பாவா? மேடை லைட்டெல்லாம் ஏத்தி எறக்கற போர்டுல நான் குமிழத் தள்ளுனா காத்துலயே போயி எல்லாத்துலயும் ஒரே நேரத்துல எறங்கிடுமா? நல்லாதான் கண்டுபுடிச்சிருக்கானுங்க. அப்ப இதுக்குப் பக்கத்துல ஒரு லைட்டு இருக்குதா இல்லியான்னே தெரியாது. ஒயருல அப்டியில்லியே. போர்டுலேந்து மொத லைட்டுக்குப் போவும், அதுலேந்து இன்னொரு ஒயரு அடுத்ததுக்கு, அப்பறம் அதுக்கடுத்தது. பந்தியில வாளி கை மாறிப் போற மாதிரி கடைசி லைட்டு வரைக்கும் போவும்.

அந்தக் கடைசி லைட்டத்தான் பேய்ன்றானுங்க. நான் போர்டுல கையே வெக்கமாட்டேன், அது பாட்டுக்குச் சிமிட்டும். சீயமங்கலத்துல கூத்துல துரோபதை கூந்தல விரிச்சிக்கினு நிக்கறா, இது சிமிட்டுது. ஜனங்க கன்னத்துல போட்டுக்கினு எழுந்து நின்னுட்டாங்க, அம்மனே வந்துட்டான்னு. அதே லைட்டு செஞ்சி மண்டபத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன்ல சிமிட்டிச்சி, அபசகுனம்னு பொண்ணு வூட்டுக்காரங்க மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினாங்க. கூத்துன்னா சாமி, கல்யாணம்னா பேய். லைட்டு இன்னா பண்ணும் பாவம். அதுலேந்து கல்யாணத்துக்கு எங்கள யாரும் கூப்புடுறதேயில்ல. வீரமணிக்கு டென்சன் ஏறிப்போயி இந்த டப்பாவ வாங்கிக்கினு வந்துட்டான்.

எந்த ஓட்ட? ஓ, கடைசி லைட்டுல அடுத்த ஒயரு சொருகற அந்த காலி ஓட்டையா. அதுக்குன்னு ஒரு மூடி இருந்துச்சி தம்பி. எங்கியாவது வுழுந்திருக்கும், ஏத்தி எறக்கறதுல.

தெரியும், தெரியும். நீங்க சொல்லித்தான் தெரியணுமா. கடைசி ஓட்டைய மூடலன்னா போன சிக்னலு முட்டிக்கினு திரும்பி வரும், வர்றது போறதோட மோதும், லைட்டு பைத்தியம் புடிச்சி ஆடும். ராஜா கோட்டைப் பாறைக்கி எதிர்ல நின்னு கத்துனா நம்ம கொரலே நம்மகிட்ட திரும்பி வருதுல்ல, அதே கததான்னு அவருதான் சொல்லிக்குடுத்தாரு. தையல் மெஷின்ல ஒக்காந்திருந்தவள இஸ்துக்கினு வந்து போர்டுல ஒக்காரவெச்சதே அவருதான். உன் கை நெதானமா இருக்குது, துணி தள்ற மாதிரி தள்ளு, போதும்னாரு.

உங்க பையில வேற மூடி இருக்குதா? இருக்கட்டும், அத உள்ளயே வைங்க. இப்ப போடாதீங்க. மொதல்ல இதக் கேளுங்க.

எங்களுக்குன்னு ஒரு பாஷ உண்டு தம்பி. நான் போர்டுல, அவரு கடைசி லைட்டுக்கிட்ட. நடுவுல பாட்டு, வேட்டு, மைக்குல ஊர்ப் பெரியவங்க பேச்சு, எங்க கேக்கும். போன் பண்ணாலும் எடுக்கவே மாட்டாரு. லைட்ட கட்டி முடிச்சதும் கைய வெச்சி அது மூஞ்சிய ரெண்டு தடவ மறைப்பாரு. எனக்கு இங்கேந்து சிமிட்டற மாதிரி தெரியும். சரியா இருக்குது, முடிச்சிட்டேன்னு அர்த்தம். நான் போர்டுல ஒரு தடவ கொறச்சி ஏத்துவேன். பாத்துட்டேன், எறங்கி வான்னு அர்த்தம். சண்டை போட்டுக்கினு பேசாம இருக்கற நாள்ல கூட இத மட்டும் வுட்டதில்ல.

அன்னிக்கும் அதான் நடந்துச்சி. மலையடிவாரத்துல ஒரு விழா. மேடைக்குப் பின்னாடி பாறை பளிச்சுன்னு தெரியணும், மேல ஒரு லைட்டு வேணும்னாங்க. பொழுது சாயற நேரம், ஒயர தோள்ல மாட்டிக்கினு ஏறுனாரு. செவப்பு சட்ட. கொஞ்ச நேரம் தெரிஞ்சுது, அப்பறம் பாறை மறைச்சிடுச்சி. லைட்டு எரிஞ்சுது. ரெண்டு தடவ மறைஞ்சு தெரிஞ்சுது. நான் கொறச்சி ஏத்துனேன். அவருக்குன்னு பஜ்ஜி வாங்கி பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தேன், ஆறிப்போவுதே, இந்த மனுசன் எங்க நின்னு வாயடிக்கிறாரோன்னு அதையே நெனச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்.

வரல தம்பி.

ஊரே ஏறிச்சி. ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து சுனைங்கள்ல எறங்கிப் பாத்தாங்க. போலீசு நாயி வந்துச்சி. பொதரு, கொகை, பொந்து, ஒன்னு வுடல. ஒரு செருப்பு கூட கெடைக்கல. லைட்டு மட்டும் மேல எரிஞ்சிக்கினு இருந்துச்சி, அத அணைக்க வுடமாட்டேன்னுட்டேன். விடிஞ்சதும் நானும் ஏறிப் பாத்தேன். ஒயர கல்லுல இறுக்கிக் கட்டி, லைட்டு ஆடாம அடியில சல்லி வெச்சி, கடைசி ஓட்டையில மூடியப் போட்டு, எல்லாம் சுத்தமா இருந்துச்சி. வேலய முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு. எங்க போனாருன்னுதான் தெர்ல.

அங்க நின்னு கூப்புட்டேன். இந்தாங்க, யோவ்னா மலைக்கி எப்டித் தெரியும் யாரக் கூப்புடுறேன்னு. அதான் பேரச் சொன்னேன். பூபதி. தொண்ட கிழியக் கத்துனேன், பூபதின்னு. கட்டிக்கினு வந்த நாள்லேந்து அதான் மொத தடவ. இப்ப உங்ககிட்ட சொன்னது ரெண்டாவது. எதுத்த பாறையிலேந்து பூபதின்னு திரும்பி வந்துச்சி. என் கொரல் மாதிரியே இல்ல தம்பி அது. யாரோ ஒரு பொம்பள அந்தாண்ட நின்னுக்கினு அவரத் தேடுற மாதிரி இருந்துச்சி.

இல்ல, நான் அழுவல. ஏணியப் பாருங்க நீங்க.

வர்ற ஆடி வந்தா மூணு வருசம். அமாவாசைக்கு காரியம் பண்ணிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆள் இல்லாத எடத்துல ஒரு போட்டோவ வெச்சி பண்ணுவாங்களாம். காரியம் பண்ணாததால தான் ஆவி அலையிது, லைட்டுல வந்து நிக்குதுன்னு ஊரு சொல்லுது. வீரமணி கெட்டவன் இல்ல, அண்ணன்னா உசுரு. அவனே தேம்பித் தேம்பி அழுதான், அண்ணி, அவரு நிம்மதியா போவட்டும் அண்ணின்னு. எங்க நைனாவும் சிங்கவரத்துலேந்து வந்து ஒக்காந்துக்கினு, எத்தன நாளைக்கிம்மா பொட்டு வெச்சிக்கினு வாசலப் பாத்துக்கினு இருப்பேன்றாரு. காரியத்தையும் பண்ணிட்டு, ஒயரையும் பழைய இரும்புக் கடையில போட்டுட்டா எல்லாம் சரியாப்பூடும்னு அவங்களுக்கு.

எல்லாரும் இவ்ளோ சொல்றாங்களேன்னு போன வாரம் தொண்டூர் கூத்துல ஒரு காரியம் பண்ணேன். யாருக்கும் தெரியாம அந்த ஓட்டையில மூடியப் போட்டேன்.

காணாமப் போன மூடிதான். அது எங்க தம்பி காணாமப் போச்சி. மலையில அன்னிக்கே நான்தான் புடுங்குனேன். பேரு திரும்பி வந்துச்சே, அது அடங்கறதுக்குள்ளயே புடுங்கி முந்தானையில முடிஞ்சிக்கினு எறங்குனேன். அவரு மூடிட்டுப் போயிட்டாரு, நான் தொறந்து வெச்சிட்டேன். லைட்டு ஏன் சிமிட்டுதுன்னு எனக்குத் தெரியாதா. பேயும் இல்ல, அம்மனும் இல்ல. சிக்னலு திரும்பி வருது. நான் அனுப்புனதே எங்கிட்ட வருது. எல்லாம் தெரியும். தெரிஞ்சாலும் அது சிமிட்டும்போதெல்லாம் போர்டுல ஒரு தடவ கொறச்சி ஏத்திடுவேன். பாத்துட்டேன், எறங்கி வான்னு.

தொண்டூர்ல மூடியப் போட்டதும் நின்னுபோச்சி. கூத்து முடியற வரைக்கும் அசையவேயில்ல. எல்லாரும் துரோபதையப் பாத்துக்கினு இருக்காங்க, நான் அந்த லைட்டையே பாத்துக்கினு இருக்கேன். சும்மா எரியிது. யாரு வூட்டு லைட்டோ மாதிரி எரியிது. நல்லா இருக்குதே அண்ணின்னு வீரமணி வந்து கையெடுத்துக் கும்புட்டான். எனக்கு அப்பதான் தம்பி அவரு செத்துப்போயிட்டாருன்னு பட்டுச்சி. மலையில படல, போலீஸ் ஸ்டேஷன்ல படல, அந்த லைட்டு ஆடாம நின்னப்ப பட்டுச்சி. கூத்து முடிஞ்சதும் ஓடிப்போயி மொத வேலயா அத புடுங்கிட்டேன்.

எறங்குங்க, பாத்து. தண்ணி குடிங்க.

ஒன்னே ஒன்னு பண்ணுங்க தம்பி. எல்லாத்துக்கும் உங்க டப்பாவ மாட்டிக்கோங்க, நான் குறுக்க நிக்கல. இந்தக் கடைசிய மட்டும் ஒயர்லயே வுட்டுடுங்க, அவரு மலைக்கித் தோள்ல மாட்டிக்கினு போன அந்த நீள ஒயருல. வீரமணி கேட்டான்னா டப்பா ஒன்னு கொறையிது, அப்பறம் வரும்னு சொல்லிக்கோங்க. கல்யாணத்துக்கெல்லாம் அத எடுத்துக்கினு போவமாட்டேன், சத்தியமா. காரியம் பண்ணட்டும். பொட்ட எடுன்னா எடுத்துக்கிறேன். யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசமாட்டேன்.

இந்தாங்க. அந்த மூடிதான். நீங்க வந்ததுலேந்து கையிலதான் வெச்சிருக்கேன், பாருங்க, வேர்வையில நனைஞ்சிருக்குது. உங்க பையில போட்டுக்கினு பாண்டிச்சேரிக்கே எடுத்துக்கினு போயிடுங்க. எங்கிட்ட இருந்துச்சின்னா, என்னிக்காவது ஒரு நாளு அவங்க பேச்சக் கேட்டு போட்டுத் தொலச்சிடுவேன்.