ஆறாம் எண் அறைக் கரும்பலகை

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியபடி. வயது ஐம்பத்தொன்று. பள்ளியில் ஓவிய ஆசிரியர். சென்ற தேர்தலில் எங்கள் பள்ளியின் ஆறாம் எண் அறைக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நியமிக்கப்பட்டேன். வேட்பாளர்கள் முப்பத்தேழு பேர் என்பதால் வாக்குச்சீட்டை இரண்டு தாள்களாக அச்சிட்டிருந்தார்கள். ஓட்டு ஒன்றுதான். ஆனால் 'ஒருவருக்கு முத்திரையிடவும்' என்ற வரி இரண்டு தாளின் தலையிலும் இருந்தது. எந்த ஆபீசுக்குப் போனாலும் தாளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுப் பழகிய ஜனம் இதிலும் தாளுக்கு ஒன்றாகக் குத்தும், ஓட்டு செல்லாமல் போகும், இரண்டாம் தாளில் 'தொடர்ச்சி' என்று மட்டும் போடுங்கள் என்று பயிற்சி வகுப்பிலேயே எழுதிக் கொடுத்தேன். வடிவம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

தேர்தலன்று முதலில் வந்த தையற்காரர், "சார், ரெண்டுலயும் ஒவ்வொண்ணு குத்தணுமா?" என்று கேட்டார். அதன் பிறகு ஏழாவது ஆளும் அதையே கேட்டார். அதன் பிறகு நான் கரும்பலகையில் 'இரண்டு தாளுக்கும் சேர்த்து ஒரே முத்திரை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதன் பிறகு இரண்டாம் தாள் வேட்பாளர் ஒருவரின் முகவர், இதைப் பார்த்தால் எல்லோரும் முதல் தாளோடு நிறுத்திவிடுவார்கள் என்று புகார் செய்தார். அதன் பிறகு மேற்பார்வை அதிகாரி வந்து, அனுமதியில்லாத அறிவிப்பு என்று தன் கைக்குட்டையாலேயே அதை அழித்தார். அவர் போனதும் திரும்ப எழுதினேன். எரிச்சல் தலைக்கேறியிருந்தது. இதற்குத்தான் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

எண்ணியபோது என் அறையில் செல்லாத ஓட்டு மூன்று. பக்கத்து ஐந்தாம் எண் அறையில் எழுபத்தொன்று. தொகுதி முழுக்க, ஜெயித்த வித்தியாசத்தைவிடச் செல்லாத ஓட்டு ஒன்பது மடங்கு. கேட்டால் ஜனங்களுக்கு விவரம் போதாதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் மனைவி கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். ஐந்தாம் எண் அறையில் இரண்டு தாளிலும் குத்திவிட்டு வந்து, "அப்படித்தானேங்க போட்டிருந்துச்சு?" என்றாள். கணக்கு வாத்தியாருக்கா தெரியாது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டேன். அது மட்டும் என் குற்றம்.

இந்த இடத்தில், இதை எழுதிவரும் தலைமைக் காவலர் பேனாவைக் கீழே வைத்து, "அப்ப என் ஓட்டும் போச்சா சார்?" என்று கேட்டார். எந்த அறை என்றேன். ஐந்து என்றார். அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. வாக்குமூலம் இரண்டு தாள் வந்திருக்கிறது. தாளுக்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். போடுகிறேன்.

(கையெழுத்து)