அவங்கவங்களுக்குன்னு ஒரு புத்தகம்

இல்ல பாய், இந்தப் புத்தகங்கள அட்ட கிழிஞ்சிருக்குன்னு திருப்பிக் கொண்டாரல. அட்டையெல்லாம் வாங்குனப்ப இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு பாருங்க. அதான் என் வயித்தெரிச்சலே. புள்ளைங்க தொட்டிருந்தா ஒரு மூல மடங்கியிருக்காதா? நடுவுல ரெண்டுல மட்டும் எண்ணெக் கற இருக்கும், அந்தக் கதைய அப்புறம் சொல்றேன். நீங்க பில்லோட சரி பாத்துக்கிட்டே கேளுங்க, காதுதான சும்மா இருக்கு.

எங்க கரெஸ்பாண்டன்ட் அம்மா என்னா சொன்னாங்க? 'சூசைமேரி, நெல்லித்தோப்பு முழுக்க நம்ம ஸ்கூல் லைப்ரரியப் பத்திப் பேசணும். ஒரே ராஜா ராணி கதையா வாங்கி ரொப்பாத. நம்மகிட்ட படிக்கிற அத்தன வகைப் புள்ளைங்களும் புத்தகத்துல வரணும்'னாங்க. நான் ஏனோதானோன்னா வாங்குனேன்? சனிக்கெழம சனிக்கெழமயா வந்து இதே ஸ்டூல்ல ஒக்காந்து பொரட்டுனேன். நீங்கதான டீ வாங்கிக் குடுத்தீங்க. கடலுக்குப் போற குடும்பத்துக் கத, பிரியாணிக் கட வெச்சிருக்கிற பாய் வூட்டுப் பையன் கத... கோச்சிக்காதீங்க, அட்டைல அப்டித்தான் போட்டிருக்கு... பிரான்சுல பொறந்து இங்க வந்து ஒண்ணும் புரியாம முழிக்கிற பையன் கத, திக்கித் திக்கிப் பேசற பொண்ணு கத. ஒரு வகையும் வுடல.

வாங்குனா போதுமா? சேர வேண்டியவங்ககிட்ட சேரணுமில்ல? அலமாரில போட்டுப் பூட்டிட்டு சாவிய இடுப்புல சொருவிக்கற ஆளு இல்ல நான். எந்தப் புள்ளைக்கு எது ஏத்ததுன்னு யோசிச்சி, பேரு சொல்லிக் கூப்ட்டு, கையிலயே குடுத்தேன்.

பிள்ளைச்சாவடிலேர்ந்து வர்றான் பிரேம்குமாருன்னு ஒருத்தன், எட்டாவது. அப்பா படகு வெச்சிருக்காரு. அவனுக்குக் கடல் கத. அவன் கேக்கறான், 'மிஸ், வூட்லயும் வல, புக்குலயும் வலையா? பனிமல ஏறுற புக்கு இல்லியா?' சரி, அவன் கூடப் படிக்கிற நுஃமானுக்குப் பிரியாணிக் கட. அவன் சொல்றான், 'எங்க அத்தா பேங்க்ல இருக்காரு மிஸ். எங்க வூட்ல பிரியாணின்னா ஆர்டர்தான் பண்ணுவோம்.' நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு எப்டி இருந்திருக்கும்?

கொஞ்ச நாள் கழிச்சிப் பாத்தா, ரெண்டு பேரும் கடைசி பெஞ்சில சாப்பாட்டுத் தட்டுக்கு மேலயே குனிஞ்சிக் கெடக்கறானுங்க. எனக்குத் தெரியாம புத்தகத்த மாத்திக்கிட்டானுங்க பாய். நுஃமான் கையில வல, பிரேம்குமார் கையில பிரியாணி. அந்தக் கறதான் இது. நான் சும்மா வுடுவேனா? ரெண்டையும் புடுங்கி, யாருது யாருதுன்னு பாத்து அவனவன் கையில குடுத்தேன். அதோட ரெண்டு பேரும் படிக்கறதையே வுட்டுட்டானுங்க. என்னா கொழுப்பு பாருங்க.

அதெல்லாம் போவட்டும். அவனுங்க படிக்கலன்னா எனக்கொண்ணும் தூக்கம் கெட்டுப்போயிடாது. மெரின்தான் பாய்... மெரின நெனச்சாதான் மனசு ஆறல.

எங்க கோயிலுக்கு வர்ற குடும்பம்தான், ஏழாவது படிக்கிறா. வாயத் தொறந்தா மொத எழுத்துலயே நின்னுடுவா. ஆனா படிப்பா பாருங்க. மத்தியானம் மணி அடிச்சா டிபன் டப்பாவோட நேரா எங்கிட்ட வந்துடுவா. துப்பறியும் கதைன்னா உசுரு. எதுவும் பேச மாட்டா. பாதி கதைலயே கொலகாரன் பேரு மேல வெரல வெச்சி எனக்குக் காமிப்பா. முக்கால்வாசி சரியாதான் இருக்கும். நான் காலைல பஸ் ஏறுறதே அந்த அர மணி நேரத்துக்காகத்தான்னு வெச்சிக்கங்களேன்.

அவளுக்குப் போய் இந்தத் திக்கற பொண்ணு கதைய சாதாரணமா நீட்ட எனக்கு மனசு வரல. காலைல பிரேயர்ல மொத்த ஸ்கூலும் நிக்கறப்ப மேடைக்குக் கூப்ட்டேன். மைக்குலயே சொன்னேன், 'இது மெரினுக்குன்னே தேடிப் புடிச்சது. இதுல வர்ற பொண்ணும் இவள மாதிரிதான் பேசும், ஆனா கடைசில பேச்சுப் போட்டில ஜெயிக்கும்'னு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சி. அவ தரையப் பாத்துக்கிட்டே வாங்கிக்கிட்டா. வெக்கப்படறான்னு நெனச்சேன்.

மறுநாள் மத்தியானம் வரல. அதுக்கு மறுநாளும் வரல. இப்ப வர்றதே இல்ல பாய். வெறுங்கையோட தண்ணி டேங்க்குகிட்ட நிக்கறா, என்னப் பாத்தா அந்தாண்ட போயிடறா. நான் இல்லாத நேரமாப் பாத்து புத்தகத்த மேசைல வெச்சிட்டுப் போயிருக்கா. எழுதுனவங்க சரியா எழுதல, அதான் என் முடிவு. இத நீங்க எடுத்துக்கிட்டு, வேற திக்கற பொண்ணு கத, இன்னும் கொஞ்சம் உருக்கமா இருந்தா குடுங்க.

தேடுங்க தேடுங்க, அவசரமில்ல. அப்டியே எனக்கும் ஒண்ணு எடுங்க. தவளக்குப்பம் போறதுக்குள்ள பஸ்ல தூக்கம் வந்துடுது. நல்லா ரெண்டு மூணு கொல வுழுந்து, போலீசு தெணறணும்.

என்னா பாய் இந்தப் புத்தகம்? புருஷன் போனப்புறம் பொம்பள எப்டி தைரியமா வாழறதுன்னா போட்டிருக்கு? இது எதுக்கு எனக்கு... நான் கொலக் கததான கேட்டேன்.

நல்ல மனசோடதான் எடுக்கறீங்க, தெரியாம இல்ல. அவரு அடக்கத்துக்கு நீங்க மழைல வந்து நின்னத நான் மறக்கல. அதுக்குன்னு... கீழ வைங்க பாய். கவுத்து வைங்க. அந்தக் காலேஜுப் பொண்ணு அட்டையப் படிச்சிட்டு என்னயே பாக்குது பாருங்க. பாவம்னு பாக்குது. நான் என்ன நாள் பூரா விதவையாவா இருக்கேன்? பஸ்ல போறப்பவாச்சும் அவரு ஞாபகம் வேணாம்னுதான கேட்டேன்...

இருங்க. கொஞ்சம் ஒக்காந்துக்கறேன்.

தண்ணி இருக்கா பாய்?

கடைல நாலு பேரு நிக்கறதுக்கே எனக்கு இந்த வயசுல மூஞ்சி எரியுது. மெரின் சின்னப் புள்ள பாய். நான் மைக்கு வேற வெச்சேன்.

அந்தத் திக்கற கதையத் தேடாதீங்க, வேணாம். துப்பறியும் கத குடுங்க, புதுசா வந்தது. ரெண்டு இருந்தா ரெண்டும். அந்த வலைக் கதையும் பிரியாணிக் கதையும் கூட இங்க தாங்க, கறையோடவே கெடக்கட்டும். எல்லாத்தையும் கலந்து வெச்சிட்டு, கதவத் தொறந்து போட்டுட்டு, மத்தியானத்துல நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போயிடறேன். என்னிக்காச்சும் வந்து எடுத்தாலும் எடுப்பா.

நான் அங்க இருந்தா ஏதாச்சும் பேசிடுவேன் பாய்.