எலிக்குக் கொடுத்த சாறு

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் சகோதரியர் இருவர் அமர்ந்திருந்தனர். ஆராய்ச்சியை முடித்து அமெரிக்கா புறப்படவிருந்த தங்கையை, தந்தையைப் பார்க்க ஊருக்கு அழைத்துச்சென்ற அக்காள் திடீரெனச் சொன்னாள்:

“நீ எலிக்குக் குடுத்தத நான் நைனாவுக்குக் குடுக்கறேன்.”

“எதக்கா?”

“வல்லாரச் சாறு. மூள செல்லக் காக்கற என்சைம அது ஏத்துதுன்னு நீதானே போன்ல சொன்னே.”

“எலி மூளையில ஏறிச்சி. மனுசங்களுக்கு இன்னும் தெரியாது. வலிப்பு மாத்திர குடுக்கறே இல்ல?”

“அத துன்னா தூங்கிக்கினே கீறாரு. நிறுத்திப் பத்து நாளாச்சி.”

தங்கை மடியிலிருந்த பையைத் திறந்தாள். எதையும் எடுக்காமல் மூடினாள்.

“இப்ப அவருகூட யாரு கீறாங்க?”

“யாருமில்ல. நல்லா தெம்பா கீறாரு, நீ வேற. இந்நேரம் கெணத்துல நீந்திக்கினு இருப்பாரு.”

“தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா யாருக்கா தூக்குவாங்க?”

தங்கை எழுந்து சென்று ஓட்டுநரின் பின்னால் நின்றுகொண்டாள். சற்று நேரத்தில் அக்காளும் அவளருகே போய் நின்றாள். இருக்கைகள் காலியாயிருந்தும், சித்தூர் வரும்வரை இருவரும் உட்காரவில்லை.