பல் வைத்தியரைச் சதித்தலைவர் ஆக்கிய விதம்

கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறவன் நான். பொய்யை ஜோடிக்கும் சுறுசுறுப்பெல்லாம் கிடையாது.

என் மனைவி அரசின் உளவுத்துறைத் தலைவி. நாளை அவளை விசாரணைக் குழு கூப்பிட்டிருக்கிறது. அவளுடைய காவலில் ஒரு நிரபராதி செத்துப்போனார். அவர் நிரபராதி என்று அவளுக்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியும் என்றால் பதவி போகும், சிறையும் உண்டு. அவளுக்குத் தெரியாது. செய்தவன் நான்.

அப்போது அவள் துணைத்தலைவி. தலைவர் நாற்காலி காலியாகி, எந்நேரமும் தும்மிக்கொண்டிருக்கும் ஓர் அதிகாரிக்குப் போவதாக இருந்தது.

"அந்தத் தும்மலுக்குத்தான் குடுக்கப் போறாங்களாம்," என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"நீ பெருசா ஒரு சதியைக் கண்டுபிடிச்சா?"

"சதி என்ன, கொல்லையில காய்க்குதா, பறிச்சிட்டு வர?"

மனைவி கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒருவன் சொன்னால் வதந்தி; ஒருவரையொருவர் அறியாத இருவர் சொன்னால் உளவு. ஆகவே ரயில் நிலையத்துத் தொலைபேசியில் ஒருமுறை பேசினேன். பிறகு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்னொருவனாகப் பேசினேன். நாடாளுமன்றத்தைத் தகர்க்க ஒரு கூட்டம் கிளம்பியிருப்பதாக இருவரும் சொன்னோம். இருவருமே நம்பத்தகுந்தவர்கள் என்று முடிவாயிற்று. கொஞ்ச நாளில் அண்டை நாட்டு உளவுத்துறை, அந்தக் கூட்டத்தைத் தாங்கள் பல வருடமாகக் கண்காணித்து வருவதாகத் தகவல் அனுப்பியது. எனக்கே சற்றுப் பயமாகிவிட்டது.

கூட்டம் என்றால் தலைவன் வேண்டுமே. அடையாளம் கேட்டார்கள். சட்டென்று நினைவுக்கு வந்தவர் எங்கள் மாடியில் குடியிருந்த பல் வைத்தியர். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். இருவரும் அதையே சொன்னோம். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்குவது யாருக்கும் நேரக்கூடியதுதான்.

அவரைக் கொண்டுபோன மறுநாள் அவர் மனைவி கீழே வந்து நின்றாள்.

"ஐயா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அவருக்கு ஊசி போடத்தான் தெரியும். குண்டெல்லாம் தெரியாது."

"சொல்றேம்மா," என்றேன். சொல்லவும் செய்தேன்.

"அவர்தான் ஒத்துக்கிட்டாரே," என்றாள் என் மனைவி. "தப்பு செய்யாத மனுஷன் எதுக்குங்க ஒத்துக்கணும்?"

நியாயமான கேள்வி. ஆயுதங்கள் எங்கே என்றதற்கு, நான் யோசித்தே இராத ஒரு கிடங்கைச் சொன்னாராம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அடுத்த வாரம் அவர் இதயம் நின்றுவிட்டது. அதற்கடுத்த வாரம் இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்தாள். நாங்கள் மாடிக்கு வெள்ளையடித்தோம்.

இதையெல்லாம் யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு நினைவோடு எழுதியிருக்கிறேன். என் மனைவிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு, தான் சொன்னதில் இரண்டு வாக்கியங்களை நான் விட்டுவிட்டதாகச் சொன்னாள், சேர்த்துவிட்டேன்.