முழுக் கறுப்பு

அண்ணி: ...இன்னொரு தடவை போடு.

தம்பி: எத்தனை தடவை அண்ணி? காலைலேருந்து இது ஆறாவது. கம்ப்யூட்டரே அலுத்துக்கும்.

அண்ணி: அது அலுத்துக்காது. நீதான் அலுத்துக்குற. போடு.

தம்பி: சரி, சரி... இந்தாங்க. சுவத்து ஓவியம், நேத்து நாம எடுத்தது.

அண்ணி: நாம இல்ல, நான். நான் சாரத்துல ஏறி எடுத்தேன். துரை கீழ நின்னு லைட்டு புடிச்சீங்க.

தம்பி: முழங்கால் வலின்னு சொன்னேன்ல?

அண்ணி: முப்பத்திரண்டு வயசுல முழங்கால் வலி! உங்க அண்ணன் ஐம்பது வயசுலயும் கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு அணில் மாதிரி ஏறுவாரு.

தம்பி: அண்ணன் மாதிரி வருமா...

அண்ணி: அந்தப் பொண்ணு முகம் இருந்த இடத்தப் பெருசு பண்ணு.

தம்பி: வேணாமே. வெறும் சுண்ணாம்புதானே தெரியுது.

அண்ணி: பண்ணுப்பா... போயிட்டா பாரு. நானூறு வருஷமா அந்தத் திரைக்குப் பின்னாலேருந்து எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா. போன செவ்வாக்கிழமை வாட்ச்மேன் விளக்குமாத்தோட வந்து, “சுவத்துலேருந்து கொட்டிக் கெடக்கும்மா, கூட்டிடவா”ங்குறாரு.

தம்பி: நல்லவேளை, கூட்டல.

அண்ணி: என்ன நல்லவேளை? ரெண்டு நாள் உக்காந்து சலிச்சேன். அரைக் கண்ணு கெடச்சுது. மீதியெல்லாம் மாவு. என் கையால கழுவித் தொடச்சு, விரிசல் அடைச்சு, இருபது வருஷம் பாத்த முகம். இன்னிக்கு அதை ஒரு டப்பாவுல போட்டு நம்பர் ஒட்டி வெச்சிருக்கேன்.

தம்பி: சாப்பிட்டீங்களா அண்ணி?

அண்ணி: பேச்ச மாத்தாத. மூணு மணிக்கு மீட்டிங்.

தம்பி: தொல்லியல் டைரக்டர் என்ன சொல்றாரு?

அண்ணி: அவரு முடிவே பண்ணிட்டாரு. “போன வருஷம் வரைக்கும் ஒரு மாத்தமும் இல்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அப்ப இது திடீர்னு விழுந்தது. கூரை ஒழுகுறத அடைங்க, சாரத்தப் பிரிங்க, ஹாலத் தொறங்க.” அவ்வளவுதான்.

தம்பி: கூரை ஒழுகுனது நிஜந்தானே?

அண்ணி: ஒழுகுனது நிஜம். விழுந்தது அதனால இல்ல. தரையிலேருந்து ஈரம் ஏறுது. உள்ள உப்பு பூத்துப் பூத்து, பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளுது. சூட்டக் காட்டுற தெர்மல் படத்துல நீயே பாத்தல்ல? குதிரைக்காரனுக்குப் பின்னால காலி. அந்த ரெண்டு குழந்தைங்களுக்குப் பின்னால காலி. பூச்சு சுவரவிட்டுப் பிரிஞ்சு சும்மா நிக்குது.

தம்பி: காப்பாத்த முடியாதா?

அண்ணி: முடியும். சாரம் இருக்குறப்பவே ஊசியால சுண்ணாம்பு இறக்கி ஒட்ட வெக்கலாம். பிரிச்சுட்டா அடுத்த மழைக்கு அவங்களும் டப்பாவுக்கு வந்துடுவாங்க.

தம்பி: இதையே சொல்லுங்களேன்.

அண்ணி: சொல்லாமலா இருப்பேன்? “ரெண்டு வருஷமா நகருதுன்னா போன வருஷப் படத்துல ஏன் தெரியல”ன்னு கேக்குறாரு. நியாயமான கேள்வி. நீ போன வருஷப் படத்தையும் அதுக்கு முந்தின வருஷத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வை.

தம்பி: அதெல்லாம் பழசு அண்ணி. இப்ப எதுக்கு...

அண்ணி: வைன்னா வை.

தம்பி: ...வெச்சாச்சு.

அண்ணி: என்ன தெரியுது?

தம்பி: கறுப்பா இருக்கு. நகந்த இடந்தானே சிவப்பாக் காட்டும்? மாத்தம் இல்லன்னா கறுப்பு.

அண்ணி: யாருக்குப் பாடம் எடுக்குற? அதே கேமரா, அதே இடம், ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு படம் எடுத்தாலே அங்கங்க செவப்புப் புள்ளி விழும். தூசி பறக்கும், லைட்டு கொஞ்சம் மங்கும், ஒரு கொசுவாவது உக்காரும். இதுல ஒரு வருஷம் இடைவெளி. ஒரு புள்ளி காட்டு பாப்போம்!

தம்பி: இல்ல.

அண்ணி: இல்லல்ல? ரெண்டும் ஒரே படம்ப்பா. தேதிய மாத்தி, பேர மாத்தி வெச்சிருக்கு. டைரக்டருக்குக் கறுப்புன்னா நல்ல செய்தி, அவரு கண்டுக்கல.

தம்பி: நீங்க... எப்பக் கண்டுபுடிச்சீங்க?

அண்ணி: போன வருஷமே.

தம்பி: ...

அண்ணி: என்ன, ஆச்சரியமே படல?

தம்பி: பட்டேன். வெளிய தெரியல.

அண்ணி: ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்.

தம்பி: ஏன் அண்ணி?

அண்ணி: ஏன்னா என்ன சொல்ல... போன வருஷம் படம் எடுக்க நீயும் உங்க அண்ணனும்தானே வேன்ல போனீங்க? நோய் முத்தி அப்பவே அவரால நாலு படி ஏற முடியல. சாயங்காலம் வந்து, “முடிச்சாச்சு, எல்லாம் அருமையா வந்துருக்கு”ன்னாரு. நானும் நம்புனேன். மறுவாரம் இதப் போட்டுப் பாத்தா, முழுக் கறுப்பு.

தம்பி: அண்ணன்கிட்டக் கேட்டீங்களா?

அண்ணி: கேக்கல.

தம்பி: கேட்டிருக்கலாமே...

அண்ணி: எப்படிக் கேப்பேன்? அதுக்குள்ள படுத்துட்டாரு. சாகப்போற மனுஷன்கிட்டப் போயி, “என்னால ஏற முடியலன்னு சொல்ல வெக்கப்பட்டு பழைய படத்தக் குடுத்துட்டீங்களா”ன்னா கேக்குறது?

தம்பி: என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்.

அண்ணி: உன்கிட்டயா? தலைய வெட்டுனாலும் அண்ணனக் காட்டிக் குடுக்க மாட்ட நீ. கேக்காதது பெருசில்ல. பேசாமயே இருந்துட்டேன்ப்பா. மாத்திரை குடுத்தேன், துணி மாத்துனேன், புரட்டிப் படுக்க வெச்சேன். முகத்தப் பாக்கல. சுவத்துல யாரு எங்க பூசி மறைச்சிருந்தாலும் லைட்ட அடிச்சுக் காட்டிக் குடுக்குற ஆளு, என்கிட்டயே மறைச்சுட்டாரேன்னு ஒரே எரிச்சல். நாலு மாசம். அப்படியே போயிட்டாரு.

தம்பி: அழாதீங்க அண்ணி.

அண்ணி: அழல. எட்டு மாசமா அழுது முடிச்சுட்டேன்... அந்தப் பேப்பர எடு. எழுதிட்டேன்.

தம்பி: என்ன எழுதியிருக்கீங்க?

அண்ணி: படிச்சுக்கோ. “போன வருஷப் படம் பொய். எடுத்தவர் என் கணவர். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டவள் நான்.” இதக் குடுத்தாத்தான் அந்தக் கறுப்பத் தூக்கி ஓரமா வெப்பாங்க. அதுக்கு முந்தின வருஷப் படத்தையும் நேத்து எடுத்ததையும் நேரா வெச்சுப் பாப்பாங்க, நகந்தது தெரியும். சாரம் நிக்கும்.

தம்பி: உங்க வேலை?

அண்ணி: போகட்டும்.

தம்பி: அண்ணன் பேரு? இருபது வருஷமா எடுத்த அத்தனை படத்தையும் சந்தேகப்படுவாங்க அண்ணி! எத்தனை சுவரு! ஒண்ணையும் நம்ப மாட்டாங்க.

அண்ணி: தெரியும்.

தம்பி: கேமரா கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமே.

அண்ணி: கெட்டுப்போன கார்டுலேருந்து ரிப்போர்ட் எப்படி வந்துச்சும்பாங்க. யோசிக்காமலா எழுதியிருப்பேன்? விடு, கெளம்பணும்.

தம்பி: அண்ணன் பேர அடிச்சுடுங்க.

அண்ணி: அடிச்சுட்டு? யாரு பேரப் போடுறது?

தம்பி: என் பேர.

அண்ணி: பைத்தியம் மாதிரிப் பேசாத. செத்தவருக்காக நீ பழி ஏத்துக்க வேணாம்.

தம்பி: பழி ஏத்துக்கல அண்ணி. நான்தான்.

அண்ணி: ...என்ன நான்தான்?

தம்பி: ஊசி போட்டு வந்தாருல்ல, வேன்லயே தூங்கிட்டாரு. முழிச்சுக்கிட்டு, “நீ ஏறுடா, நீயும் கத்துக்க வேணாமா”ன்னு கேமராவக் குடுத்தாரு. ஏறுனேன். மூணாவது தட்டுல கீழ பாத்துட்டேன்... காலு ரெண்டும் ஆட ஆரம்பிச்சுடுச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன். முக்காமணி நேரம். எனக்கு முழங்கால் வலியெல்லாம் கிடையாது அண்ணி. பயம்.

அண்ணி: அத அவருகிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

தம்பி: சொன்னா அவரே ஏறியிருப்பாரு. அந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு ஏறியிருப்பாரு. அதான் எறங்கி வந்து, எடுத்தாச்சுண்ணேன்னு... மறுநாள் பழைய ஃபைல எடுத்துத் தேதிய மாத்துனேன்.

அண்ணி: அப்ப... அவரு சொன்னது...

தம்பி: நான் சொன்னத நம்பிச் சொன்னாரு.

அண்ணி: அவருக்குத் தெரியவே தெரியாதா?

தம்பி: கடைசி வரைக்கும் தெரியாது.

அண்ணி: ஐயோ... நான் பேசாம இருந்தேனே, அத... அதப்பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியா உன்கிட்ட?

தம்பி: கேட்டாரு அண்ணி. “உங்க அண்ணி ஏன்டா என் முகத்தையே பாக்க மாட்டேங்குறா, நான் என்ன தப்பு பண்ணேன்”னு, நான் வர்றப்பல்லாம் கேட்டாரு. நீங்க படத்தக் கண்டுபுடிச்சுட்டீங்கன்னு எனக்கு முதல் வாரமே புரிஞ்சுடுச்சு... தெரியலண்ணேன்னு சொன்னேன்.