அப்பா பிக்கப்

போர்ட் பிளேரில் நாலாவது கியர் ஒரு அலங்காரத்துக்குத்தான். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். இந்த ஊரில் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று கேட்கிறவனுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் காலை லேசாக வைத்ததும் இழுக்கிறதா என்று கேட்க வேண்டும். ஷாதிபூரில் இருபத்தெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்கிறேன். இந்த ஸ்டேஷனில் நீங்கள் தமிழ் தெரிந்தவராக இருப்பது நல்லதாயிற்று, ஐயா. மற்றதை எல்லாம் இந்தியில் சமாளித்துவிடுவேன். மகளைப் பற்றி இந்தியில் பேச எனக்கு வராது.

என் பெயர் அந்தோணிமுத்து. ஜாக்குலின் என் ஒரே மகள். அவள் தாய் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. வளர்ந்து, டெர்வினைக் கட்டி வண்டூருக்குப் போனாள். அங்கே அவன் டூரிஸ்ட் படகு ஓட்டினான். வண்டூர் ஒரு மணி நேரத் தொலைவு. ஞாயிறு பூசைக்கு இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு அவனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. "இங்க இருந்து என்ன மாமா செய்ய? மெயின்லேண்ட் போனாத்தான் ஒரு வழி பொறக்கும்" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு அப்பால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும், அதில் நான் இருக்க மாட்டேன். நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

அவனிடம் பழைய டர்போ டீசல் கார் ஒன்று இருந்தது. டெலானிபூரில் இருக்கும் பக்தவத்சலம் சார், டவுனுக்குள் ஓட்டத் தோதாகச் செய்து கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படித்தான் வண்டி என் கைக்கு வந்தது. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்னக் காற்றாடி. பழைய வண்டிகளில் அது விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். காலை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பாயும். எங்கள் வளைவுகளில் அந்தப் பாய்ச்சல் உதவாது.

நான்கு நாள் வேலை செய்தேன். வெடித்திருந்த ரப்பர் குழாய்களை மாற்றினேன். கரி பிடித்த வால்வைக் கழுவினேன். டர்போ அழுத்தத்தை அடக்கி வைக்கிற கம்பியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். உச்ச வேகத்தில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கால் வைத்த இடத்திலேயே இழுவை வந்துவிட்டது. அவ்வளவு நல்ல வேலை நான் செய்து பல வருஷம் ஆகிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

இழுவையை நாங்கள் பிக்கப் என்போம். டெர்வின் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஏக்தம் மக்கன், மாமா. வெண்ணெ மாதிரி போகுது. அப்பா பிக்கப்னே பேரு வச்சிருவோம்" என்றான். அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே கேலிதான். போன் எடுத்தால் ஜாக்குலின், "அப்பா பிக்கப் என்ன சொல்லுது?" என்று சிரிப்பாள்.

ஐந்தாம் நாள் செய்த வேலையை யாருக்கும் சொல்லவில்லை. டர்போவிலிருந்து காற்று போகிற குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, குழாயின் வாய்க்கு உள்ளே எண்ணெய் தடவினேன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருகி வைத்தேன். நிதானமாகப் போனால் குழாய் நிற்கும். ஏற்றத்தில் காலை முழுக்க அழுத்திப் பிடித்தால் கழன்றுவிடும். கழன்றால் இழுவை போகும், அவ்வளவுதான். பிரேக் இருக்கும், ஸ்டீயரிங் இருக்கும். நானே நிதானமாக ஓட்டிக் கொண்டுபோய் வண்டூரில் விட்டேன்; கப்பலுக்கு அவர்கள் அதில்தான் வர வேண்டும். வண்டி வழியில் நிற்கும், கப்பல் போய்விடும், அடுத்த கப்பலுக்கு டிக்கெட் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் மகளிடம் பேசலாம் என்று நினைத்தேன்.

கப்பலைத் தவறவிடத்தான் என்றால் மகளை ஏன் என் வண்டியில் வரச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

சாமான் ஏற்ற என்னிடம் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி இருக்கிறது. கப்பலுக்கு முந்தின நாள் போனில், "நாளைக்கி நீ அப்பா பிக்கப்ல வந்துரும்மா. அவன் பக்தவத்சலம் சாருக்குக் காரக் குடுத்துட்டு ஜெட்டிக்கு வரட்டும்" என்று சொன்னேன். டெர்வினின் கால் எனக்குத் தெரியும். வண்டூர் ரோட்டில் ஒரு ஏற்றம் இருக்கிறது. முன்னால் எது போனாலும் அவன் அங்கேதான் ஓவர்டேக் செய்வான். நான் இழுவையைச் சரிசெய்த பிறகு யோசிக்கக்கூட மாட்டான். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது இல்லை.

காலையில் வண்டூர் போய்ச் சாமான்களை ஏற்றினேன். கயிறு கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், ஜாக்குலின் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போடுகிறாள்.

"என்னம்மா, என்கூடல்லா வாரேன்ன?"

"நீங்கதானப்பா அப்பா பிக்கப்ல வரச் சொன்னீங்க? அப்பா பிக்கப் இதுலதான இருக்கு. நாளைக்கி இது யாரு வண்டியோ. ஒரு தடவ உக்காந்து பாத்துட்டுப் போறேனே."

என் கையில் கயிறு இருந்தது. இறங்கு என்றால் ஏன் என்று கேட்பாள். ஐந்து நிமிஷம் கேட்டால் போதும், ஒரு கிளிப்பை முறுக்கிவிடலாம். ஆனால் என் வேலையில் கிளிப் தளர்ந்திருக்கிறது என்று டெர்வின் முன்னால் சொல்ல வேண்டும். "சரி, மெதுவா போங்க" என்றேன்.

நான் பின்னாலேயே போனேன். வழக்கத்தைவிட ஒட்டியே போனேன். அவளுடைய தலை காரின் பின்கண்ணாடியில் தெரிந்தது. அது மறையக் கூடாது என்று இருந்தது. ஏற்றத்தில் ஒரு தண்ணீர் டேங்கர். டெர்வின் வலது பக்கம் எடுத்தான். வண்டி அழகாக எழும்பிப் போனது. டேங்கரின் பாதியைத் தாண்டும்போது கரும்புகை கக்கியது. எதிரே பஸ் வந்தது. அவன் சரியாகத்தான் செய்தான், ஐயா. பிரேக் போட்டு, டேங்கருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான். ஒதுங்க இடம் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தேன்.

டெர்வினுக்குக் கால் போனது. ஜாக்குலின் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை. அவளைக் காரிலிருந்து எடுத்தது நான்தான். 

ஐந்து மாதம் ஆயிற்று. கண்மூடித்தனமாக ஓட்டியதாக அவன் மேல்தான் வழக்கு. ஊன்றுகோலோடு வந்து என் முன்னால் அழுதான். "வண்டியில ஒரு குறையும் இல்ல மாமா. என் காலுதான் அவசரப்பட்டுச்சு." மெயின்லேண்ட் வேலையை விட்டுவிட்டான். இனிமேல் எங்கேயும் போகவில்லையாம், அவள் பக்கத்திலேயே இருந்துவிடுகிறானாம். ஞாயிறு பூசை முடிந்து நான் கல்லறைக்குப் போனால் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருக்கிறான். நான் உட்காரும் இடத்தில்.

அதனால்தான் வந்தேன். அவன் மேல் தவறு இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்தால் அவன் கப்பல் ஏறிவிடலாம். சின்ன வயது, அங்கே அவனுக்கு ஒரு வழி பிறக்கும். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். மெயின்லேண்ட் ஜெயிலுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், ஐயா. என் மகள் இங்கேயே இருக்கிறேன் என்று இருந்துவிட்டாள். அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது.